எத்தனையாவது அர்ஜெண்ட்?

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ மீட்டிங்குக்கு நடுவில் எடுத்து "சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்றால் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. அதனால் கடுதாசி.

டீமில் ஒன்பது பேரும் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் முடிய வேண்டியது மட்டும் முடிவதில்லை என்றாய். அரை நாள் ஒதுக்கி, நேரத்தை ஒழுங்காகச் செலவழிக்கப் பழக்குகிற மாதிரி குழு விளையாட்டு ஏதாவது நடத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். பனியன் கம்பெனியில் காலம் தள்ளியவன் கம்ப்யூட்டர்காரர்களுக்கு என்னத்தைச் சொல்வது என்று அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், உங்கள் சங்கடமும் எங்களுடையதும் ஒன்றுதான். திருப்பூரில் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தவன் எல்லாம் ஒன்றரை ஷிஃப்ட் வேலையை முடித்தான் என்று அர்த்தமில்லை.

முதலில், அந்தக் கண்ணாடி ஜாடியில் பெரிய கல், சின்னக் கல், மணல் போடுகிற வித்தையை மட்டும் எடுக்காதே. வாட்ஸ்அப்பில் அதைப் பார்க்காதவர் இல்லை. நீ ஜாடியை மேஜைமேல் வைக்கும்போதே "பெரிய கல்லை முதல்ல போடணுங்க மேடம்" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொல்லிவிடுவான். விடை தெரிந்த விளையாட்டில் யாருக்கும் எதுவும் உறைக்காது.

அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தாள் கொடு. முதல் வரியில் 1 முதல் 12 வரை, அடுத்த வரியில் அ முதல் ஔ வரை எழுதச் சொல். உயிரெழுத்தும் பன்னிரண்டு, கணக்குச் சரியாக வரும். பெங்களூரில் தமிழ் தெரியாதவர்களுக்கு அவரவர் மொழியின் எழுத்து. போனில் நேரம் பார்த்துக்கொள். இரண்டாவது தடவை அதையே மாற்றி மாற்றி எழுதவேண்டும்: மேலே 1, கீழே அ, மேலே 2, கீழே ஆ என்று. எழுதுவது அதே இருபத்துநாலுதான். நேற்று உங்கம்மாவும் நானும் செய்து பார்த்தோம். ஏழு வருவதற்குள் நான் எ-வா ஏ-வா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். முதல் தடவையைவிட நேரம் ஏகமாகப் போனது, அடித்தல் திருத்தல் வேறு. ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிறேன் என்று பெருமை பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு தாள் போதும், நீ வாயே திறக்க வேண்டாம்.

ஆனால் நேரத்தைவிடப் பெரிய பிரச்சினை, எதை முன்னால் எடுப்பது என்பது. அதற்கு நாங்கள் ஒரு தடவை சீட்டு விளையாட்டு விளையாடினோம். உனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஒரு ஆர்டரில் பாக்கியிருந்த வேலைகளைப் பத்துச் சீட்டில் எழுதி டேபிளில் போட்டேன். கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் பையன், செக்கிங்கில் ஒரு அக்கா, பேக்கிங்கில் ஒருத்தர். முதலில் ஆளாளுக்குத் தனியாக வரிசைப்படுத்த வேண்டும். அப்புறம் நாலு பேரும் சேர்ந்து ஒரே வரிசை. இரண்டு வேலைக்கு ஒரே இடம் கொடுக்கக் கூடாது.

தனித்தனியாகப் போட்டபோது அவரவர் வேலைதான் அவரவருக்கு முதல் சீட்டு. சேர்ந்து போடும்போது சண்டை. செக்கிங் அக்கா மட்டும் பேசாமல் கடைசியில் கிடந்த ஒரு சீட்டை எடுத்து மேலே வைத்தார். வாஷ்கேர் லேபிள், எப்படித் துவைப்பது என்று அச்சடித்த துண்டுத் துணி. இருக்கிற சாமானிலேயே விலை குறைந்தது, எல்லோரும் ஒன்பது பத்து என்று தள்ளியிருந்தோம். "லேபிள் சைடுலதானுங்க வெச்சு அடிக்கோணும். அது வராம எப்படிங்க சைடு மூட்டறது? லைனே நிக்குமுங்க" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. விலை அட்டை ஒரு வாரம் கழித்து வந்தாலும் பேக்கிங்கில் மாட்டிவிடலாம். இந்தத் துண்டுத் துணி வரவில்லை என்றால் முப்பது மிஷின் சும்மா கிடக்கும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டுச் சரக்கை விமானத்தில் அனுப்பினால் லாபம் அந்த வாடகைக்கே போய்விடும்.

எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்பது அப்புறம். எது வராவிட்டால் அடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று பார்க்கச் சொல். தனியாக உட்கார்ந்து யோசித்தால் அது தெரியாது, அவனவன் டேபிள்தான் தெரியும். இதைக் கூட்டமாக உட்கார்ந்து செய்வதே அதற்காகத்தான். உன் ஆட்களுக்கும் அவர்கள் கையிலிருக்கிற நிஜ வேலையையே சீட்டில் எழுதிக் கொடு, கற்பனைத் தீவு, உடைந்த கப்பல் என்கிற கதையெல்லாம் வேண்டாம். பாதியில் நீயே ஒரு புதுச் சீட்டைப் போடு. அதை உள்ளே விடவேண்டுமென்றால் இருக்கிறதில் ஒன்றை வெளியே எடுக்கவேண்டும் என்று சொல். எடுப்பதற்கு யாருக்கும் மனசு வராது, பாரேன்.

நாலு கட்டம் போட்டு அவசரம், முக்கியம் என்று பிரிப்பதும் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பெயரில் ஓடுகிறது. 1954-ல் ஒரு கூட்டத்தில் அவர் அவசரமானது முக்கியமில்லை, முக்கியமானது ஒருநாளும் அவசரமாக இருப்பதில்லை என்று பேசினார். அதையும் ஒரு பழைய கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார், கட்டமெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்டது. நல்லதுதான். ஆனால் என் அனுபவத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் அவசரமும் முக்கியமும் சேர்ந்த முதல் கட்டத்திலேயே எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. சீட்டு விளையாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டினோம், முறுக்கும் டீயும் ஆயிற்று. மறுநாள் காலையில் ஓனர் ஒரு சத்தம் போட்டார், நான் பழையபடி சிவப்புப் பேனாவை எடுத்து எல்லாச் சீட்டிலும் அர்ஜெண்ட் என்று எழுதி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் செக்கிங் அக்கா தன்னிடம் வந்த நாலு சீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்கண்ணா, இதுல இது எத்தனாவது அர்ஜெண்டுங்க?" கேலியே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து சிவப்புப் பேனாவை டிராயரில் போட்டுவிட்டு, சீட்டின் மூலையில் நம்பர் போட ஆரம்பித்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தால் சீட்டுகளை அவர் முன்னால் பரப்பி, "இதுல எதைங்க பின்னால தள்ளறது?" என்று கேட்பேன். முதல் இரண்டு தடவை திட்டினார். அப்புறம் அவரே விரலை வைத்துக் காட்ட ஆரம்பித்தார்.

நீ ராத்திரி பதினோரு மணிக்கு உன் ஆட்களுக்கு மெசேஜ் போடுகிறாய் என்று உங்கம்மா சொன்னாள். அதனால்தான் இதை எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே.

அரை நாளில் மூன்று விளையாட்டுக்கு மேல் வேண்டாம். விளையாடுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரத்தை அதிகம் வை, நீ கடைசியில் பேசு.

லீவு கிடைத்தால் அடுத்த சனிக்கிழமை வந்துவிடு, ஞாயிறு காலையில் சந்தகை பிழியலாம். சூட்டோடு பிழியவில்லை என்றால் மாவு இறுகிப்போய் பிழிகிற மரம் நகராது என்று உனக்குத் தெரியும். போன தடவை ஆவியில் வெந்ததை இறக்கும் நேரத்தில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன் என்று உங்கம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். இந்த முறை மரத்தை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ அழுத்து.

அன்புடன்,
அப்பா
அவிநாசி