கர்ப்பிணிகளுக்கு ஊசியுடன் விளக்கமும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி குறித்து எழுத விரும்புகிறேன்.

ஊசியை வேண்டாம் என்று மறுப்பவர்கள் நம் ஊர்களில் குறைவு. ஆனால், அது எதற்காகப் போடப்படுகிறது என்று அறிந்தவர்களும் குறைவே. துருப்பிடித்த ஆணி குத்தினால் போடும் ஊசி என்றே பலரும் நினைக்கிறார்கள், "எனக்கு அடி எதுவும் படலையே, எதுக்குக்கா இது?" என்று கேட்ட பெண்கள் உண்டு. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைந்து, பிறந்த முதல் வாரங்களில் அதைக் காக்கிறது என்பதை எவரேனும் எடுத்துச் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

தொப்புள்கொடியைச் சுத்தமற்ற கத்தியால் அறுப்பதாலும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதாலும் இரணஜன்னிக் கிருமி குழந்தையின் உடலுக்குள் புகுகிறது. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, அதன்பின் தாடை இறுகிப் பால் குடிக்க முடியாமல் போய், இலேசாகத் தொட்டாலும் உடல் விறைத்து வில்லாக வளையும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மருத்துவமனையில் சேர்த்தாலும் உயிருக்கு ஆபத்து அதிகம்.

தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு உறுதிசெய்தது. எனினும், பெரியம்மை அழிந்ததைப் போல இது அடியோடு அழிந்துவிடவில்லை. கிருமி மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் இருந்துகொண்டேதான் இருக்கும். மேலும், இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று என்பதால், ஊரார் அனைவரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத தாயின் குழந்தைக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

கர்ப்பம் உறுதியானதும் முதல் ஊசியும், நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும்; முந்தைய கர்ப்பத்தில் இரண்டும் போட்டு மூன்றாண்டுக்குள் மீண்டும் கருவுற்றிருந்தால் ஒன்றே போதும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் இடம் மாறும் பெண்களுக்கு அந்த இரண்டாவது ஊசிதான் தவறிப்போகிறது. ஆகவே, முதல் ஊசியின்போதே அதன் காரணத்தைக் கணவரும் மாமியாரும் கேட்கும்படி எடுத்துச் சொல்லி, அடுத்த ஊசிக்குரிய தேதியைத் தாய் சேய் நல அட்டையில் எழுதித் தருவதோடு, எந்த ஊரில் இருந்தாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த அட்டையைக் காட்டி இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் தெரிவிக்குமாறு சுகாதாரத் துறை அனைத்துச் செவிலியர்களுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.