கடைசிப் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள்

வரலாற்று நாவல்களை வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய போலந்து இளவரசியைப் பற்றி நீங்கள் கொண்டுவந்த நாவலை இரண்டே இரவில் முடித்தவன் நான். போலந்தை ஆண்ட மியெஷ்கோவின் மகள், அவருக்குப் பின் ஆண்ட போலெஸ்வாவின் உடன்பிறந்தவள், டென்மார்க் அரசன் ஸ்வெய்னின் மனைவி, 1016இல் இங்கிலாந்தின் அரசனான க்னூட்டின் தாய். இத்தனை பேருக்கு நடுவில் காணாமல்போனவளைத் தேடிக் கொண்டுவந்தீர்கள். நன்றி. அதே வாயால் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் போன ஞாயிற்றுக்கிழமை இந்த நாவலைப் பற்றிப் பேசினேன். நார்வே அரசன் ஓலாவ், 'ஞானஸ்நானம் பெற்றால்தான் திருமணம்' என்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் கையுறையால் அவள் முகத்தில் அடிக்கிறான். இந்தக் காட்சியை நடந்த வரலாறாகவே நினைத்து, கையை வீசிக் காட்டிச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். "ஐயா, அவளுடைய அப்பா 966லேயே ஞானஸ்நானம் பெற்றுவிட்டார் என்று நீங்கள்தானே தொடக்கத்தில் சொன்னீர்கள்? மகள் எப்படிப் புறச்சமயத்தவள் ஆனாள்?"

விடை இருக்கும் என்று நம்பிப் புத்தகத்தின் கடைசியைப் புரட்டினேன். உங்கள் பிற வெளியீடுகளுக்கு மூன்று தாள் விளம்பரம். அதற்குப் பின் ஒரு வெற்றுப் பக்கம். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த வெற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் விளங்கியது. கையுறை அடி வாங்கியவள் ஐஸ்லாந்துக் கதைகளில் வரும் சிக்ரிட். அவளை ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி எழுதியது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவர் கணக்கில் அவள் போலந்துக்காரியே அல்ல. உங்கள் போலந்து இளவரசியின் காலத்திலேயே வாழ்ந்த, ஜெர்மனியின் மெர்செபுர்க் ஆயர் தீட்மார், ஸ்வெய்னின் மனைவி மியெஷ்கோவின் மகள் என்றும், கணவனால் நெடுங்காலம் விலக்கப்பட்டுத் துன்பப்பட்டாள் என்றும் எழுதுகிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. நீங்கள் அட்டையில் தங்க எழுத்தில் பொறித்த 'ஷ்வியென்தோஸ்வாவா' என்ற பெயர், இங்கிலாந்தின் வின்செஸ்டர் மடத்து நினைவேட்டில் க்னூட்டின் சகோதரிக்கு உள்ள பெயரை வைத்து, தாய்க்கும் அதுவே இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தது. மகளிடம் இரவல் வாங்கிய பெயர்!

இதைவிட நல்ல கதை உங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? இதை ஏன் மறைத்தீர்கள்?

நாவலாசிரியர் கற்பனை செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெண்களை ஒருத்தியாக்கலாம். ஓலாவிடம் இன்னும் நான்கு அடி வாங்கவும் வைக்கலாம். எது ஏட்டில் உள்ளது, எது ஊகம், எது ஆசிரியர் கற்பனை என்று ஒரு பக்கம் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரே ஒரு பக்கம்.

விளம்பரத்துக்குத் தாள் இருக்கிறது. வரைபடத்துக்கு இல்லை; பால்டிக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமலே முந்நூறு பக்கம் கப்பலில் போனேன். பெயர்கள் அத்தியாயத்துக்கு ஓர் எழுத்துக்கூட்டலில் வருகின்றன. அட்டையிலோ வழக்கம்போல், காற்றில் மேலாடை பறக்க, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண். அவள் முகம் எப்படியிருந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதால், புத்தகத்திலேயே நேர்மையான பகுதி அந்த அட்டைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, அட்டையை மாற்றவும் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் அந்தக் கடைசி வெற்றுப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு ஒன்றைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெளியானதும் தெரிவியுங்கள். முதல் பிரதியை அந்த மாணவிக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்