சுடலைக்கு, குதிரைவண்டி பற்றி

பாளையங்கோட்டை
வைகாசி 10

அன்புள்ள சுடலை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. போனில்தான் பேசிக்கொள்கிறோமே என்று நாலு மாதத்தை ஓட்டிவிட்டேன். மன்னித்துக்கொள். மதினிக்கு முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தென்காசிக்கு மாறுதல் வந்துவிட்டது. பரமசிவம் அண்ணாச்சி கண் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரமே சைக்கிளை எடுத்துவிட்டார். யார் சொன்னால் கேட்கிறார்? நீ கேட்ட அல்வாவை அடுத்த வாரம் பம்பாய் வருகிற ஒரு பையனிடம் கொடுத்துவிடுகிறேன். பணம் கிணம் அனுப்பாதே. பழைய புரோட்டாக் கணக்கே இன்னும் உன் பேரில்தான் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில், மக்கள் குறைதீர்க்கும் நாளில், ஒரு மனு கொடுத்தேன். டவுனில் குதிரைவண்டி சவாரியை நிறுத்த வேண்டும் என்று மனு. முதல் கையெழுத்து என்னுடையது. உங்க ஐயா ஜட்கா ஓட்டிக் கொண்டுவந்த காசில் உன்னோடு உட்கார்ந்து சோறு தின்றவன் நான். அதனால் இதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது.

இப்போது ஏது குதிரைவண்டி என்று கேட்பாய். ஜங்ஷன் ஸ்டாண்டெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இது நம் ஜட்கா இல்லை, சாரட்டு. கல்யாண ஊர்வலத்துக்கு வருமே, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் பூ சுற்றி, சீரியல் லைட் போட்டு, அந்த வண்டி. வெளியூர் ஆள் ஒருவர் மூன்று வண்டி கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். நெல்லையப்பர் கோவில் வாசலில் ஏற்றிக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போய்த் திரும்பினால் ஒரு டிரிப்பு. கோவிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் மத்தியானம் நடை சாத்துகிற நேரத்தில்தான் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அதனால் உச்சிவெயிலில்தான் சவாரி அதிகம்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள். பேரனுக்கு நோட்டு வாங்கப் போனவன், வெயில் தாங்காமல் சர்பத் கடை நிழலில் ஒதுங்கி நின்றேன். போனில் பார்த்தால் 39 டிகிரி. ஒரு சாரட்டு திருப்பத்தில் வருகிறது. பெரியவர்கள் மட்டுமே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உருகின தாரில் லாடம் சறுக்குகிற சத்தம் கேட்டிருக்கிறாயா? சிலேட்டில் ஆணியால் இழுக்கிற மாதிரி இருக்கும். பின்னங்கால் இரண்டும் விரிந்து, குதிரை அப்படியே உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. ஏர்க்கால் அதன் விலாவில் அழுத்திக்கொண்டிருக்கிறது. வாயில் நுரை. கடிவாள இரும்பு படுகிற உதட்டோரத்தில் பழைய புண் ஒன்று வெடித்து ரத்தம். மூக்குத் துவாரம் இரண்டும் ஊதுலைத் துருத்தி மாதிரி விரிந்து விரிந்து மூடுகிறது.

ஓட்டின பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். முதலில் சாட்டையால் இரண்டு அடி அடித்தான். எழுந்திருக்கவில்லை என்றதும் சாட்டையைத் தூர எறிந்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை அதன் தலையில் ஊற்றினான். சுற்றி நின்றவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. குதிரை கழுத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டே எடுத்துப் பேசினான்: “வாரேன் அண்ணாச்சி, இன்னும் ரெண்டு டிரிப்பு இருக்கு. முடிச்சிட்டு வாடகையக் கொண்டாந்திருதேன்.”

சுடலை, அந்த ஒரு வார்த்தையிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வாரை அவிழ்த்து, வண்டியைப் பின்னால் தள்ளி, குதிரையை எழுப்பி நிறுத்தினோம். ஒரு லோடு வண்டி பிடித்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். குதிரைக்கு நம்மை மாதிரி, நாயை மாதிரி வாய் வழியாக மூச்சு விட வராதாம். எவ்வளவு இரைத்தாலும் மூக்கு ஒன்றுதான் வழி. வாந்தியும் எடுக்க முடியாது. அதனால் வயிற்றில் கோளாறு என்றால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் வேண்டும், வெயிலில் வேலை செய்தால் அதைவிட அதிகம். ரோட்டில் ஓடுகிற குதிரைக்கு எந்தத் தொட்டியில் யார் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்? அந்தக் காலத்தில் ஜங்ஷனில் கல்தொட்டி இருந்தது, நாம் அதில் காலை விட்டு ஐயாவிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சட்டத்தை எடுத்துவைத்துப் படித்தேன். 1965-லேயே விதி இருக்கிறது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற இடத்தில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வண்டியில் மாடோ குதிரையோ பூட்டக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் ஒரேமூச்சாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவரையும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் விட்டுவிட்டு நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 32 டிகிரி வந்தாலே குதிரையை லாயத்துக்கு அனுப்பிவிட வேண்டுமாம். நமக்கு 37, அதுவும் மூன்று மணி நேரத்துக்குத்தான். அதையாவது யாரும் பார்க்கிறார்களா? குதிரையை அடித்து வதைத்தாலோ அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினாலோ என்ன தண்டனை தெரியுமா? 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு சர்பத்தின் விலை. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி ராஜ்யசபாவில் போராடி வந்த சட்டம் அது. அந்த அம்மாள் காலத்தில் ஐம்பது ரூபாய் பெரிய காசுதான். அப்புறம் யாரும் அதை உயர்த்தவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மனு எழுத நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ராப்பகலாக அலைகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததில் ‘ஈவிரக்கமற்ற வண்டிக்காரர்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அதை நான் அடித்துவிட்டேன். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார்கள். உங்க ஐயாவைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

ஐயா கோடையில் பன்னிரண்டு மணிக்கு மேல் வண்டி பூட்டமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? மெயில் வண்டிக் கூட்டமே வந்து நின்றாலும் சரி, குதிரை பட்டாணியை அவிழ்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவார். வயிற்று மட்டம் தண்ணீரில் நிறுத்தி, வைக்கோல் பிரியால் முதுகைத் தேய்ப்பார். அதன் தோல் சிலிர்க்கிறதை நாம் கரையில் இருந்து பார்ப்போம். சாட்டை வைத்திருந்தார், ஆனால் அது குதிரைக்கு இல்லை. சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரக்காலில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்புவார், பட்டாணி தானாக ஓடும். வண்டிக்குள் ஜமுக்காளத்துக்கு அடியில் விரித்த பச்சைப்புல் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

அப்புறம் அக்கா கல்யாணம் வந்தது. வண்டியையும் பட்டாணியையும் விற்று, அதே வண்டியை அதே ஆளிடம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினாரே, அந்த வருஷக் கோடை. சுலோச்சன முதலியார் பாலத்து ஏற்றத்தில், மத்தியானம் ஒரு மணிக்கு. பட்டாணி முழங்கால் மடிந்து விழுந்ததையும் ஐயா அதை அடித்ததையும் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பையோடு நின்றோம். அன்று ராத்திரி அவர் சோறு தின்னவில்லை. ஊறவைத்த கொள்ளை ஒவ்வொரு கையாக அள்ளி அதன் வாயில் கொடுத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். நீ இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் பேசினதில்லை. ஐம்பது வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன். அதே மனுஷன், அதே குதிரை. சாயங்காலத்துக்குள் இன்னொருத்தனுக்கு வாடகை கட்ட வேண்டும் என்று ஆனதும் அவர் கை அப்படி ஆகிவிட்டது. அந்தப் பையன் போனில் பேசினபோது எனக்கு ஐயா முகம்தான் தெரிந்தது.

அதனால் மனுவில் இரண்டு கோரிக்கை. குதிரை ரோட்டை விட்டுப் போக வேண்டும். அது போவதற்கு முன்னால், ஓட்டுகிற மூன்று பையன்களுக்கும் பேட்டரி வண்டிக்குக் கடன் ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவும் அவர்கள் பெயரிலேயே. முதலாளி பெயரில் வந்தால் பழைய கதைதான். வேல்சாமி என்னிடம் சண்டைக்கு வந்தான், “ஏலே, ஏழை பொழப்புல மண்ணள்ளிப் போடுதியே” என்று. ஐயாவுக்கு அன்றைக்கு யாராவது ஒரு கடன் கொடுத்திருந்தால் அந்தப் பாலத்தில் அப்படி நடந்திருக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டான்.

வெளியே எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தேன். மாண்ட்ரியலில் 2020 பிறந்ததோடு நிறுத்திவிட்டார்கள். குதிரை வேறு கைக்குப் போய்ச் சீரழியக் கூடாது என்று, ஒரு குதிரைக்கு ஆயிரம் டாலர் தருகிறோம் என்று நகராட்சியே முன்வந்திருக்கிறது. சிகாகோவில் 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து கிடையாது. நியூயார்க்கில் மட்டும் முடியவில்லை. 68 வண்டிக்குத்தான் உரிமம். 2013-ல் ஒரு மேயர் வேட்பாளர், வந்த முதல் நாளே நிறுத்துகிறேன் என்று சொல்லி ஜெயித்தார். எட்டு வருஷம் இருந்தும் நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில் ரைடர் என்ற குதிரை நடுரோட்டில் விழுந்து ஊரே பார்த்தது, அப்புறமும் வண்டி ஓடுகிறது. ஓட்டுகிறவர்கள் தொழிற்சங்கத்தோடு எதிர்த்து நிற்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசாமல் எந்த ஊரிலும் இது முடியாது என்று எனக்குப் படுகிறது.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். 1994-ல் வந்தபோது கேட்வே ஆஃப் இந்தியாவில் எங்களை விக்டோரியா என்கிற உங்கள் ஊர்க் குதிரைவண்டியில் ஏற்றிவிட்டாயே. பெரியவள் உன் மடியில் உட்கார்ந்து வந்தாள். நானும் ஆசைப்பட்டுக் காசு கொடுத்து ஏறினவன்தான். அந்தக் குதிரை எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கடலும் பிள்ளை சிரித்ததும் மட்டும்தான் வருகிறது.

2015 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம், வெறும் உல்லாசத்துக்காக அந்த வண்டிகளை ஓட்டுவது சட்டவிரோதம் என்று சொல்லி, ஒரு வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது. கூடவே, அதை நம்பி இருந்த குடும்பங்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் போடும்படி அரசாங்கத்துக்கும் உத்தரவிட்டது. 2021 மார்ச்சில் குதிரையே இல்லாத பேட்டரி விக்டோரியாவை விட்டார்கள். தீர்ப்பை நான் படித்துவிட்டேன். எனக்கு வேண்டியது அதற்கு அப்புறம் நடந்த கதை.

நீதான் போய் விசாரிக்க வேண்டும். தாராவியில் உன் கடைக்கு வருகிற டாக்சிக்காரர்களைக் கேட்டால் பழைய விக்டோரியா ஆட்கள் யாராவது அகப்படுவார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேள். பணம் கைக்கு வந்ததா, எப்போது வந்தது, முதலாளிக்குப் போனதா ஓட்டினவனுக்கு வந்ததா? இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள்? குதிரைகள் எங்கே போயின? பேட்டரி வண்டியை ஓட்டுகிறவர்கள் பழைய ஆட்களா, புது ஆட்களா? உனக்கு இந்தி, மராத்தி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அதைவிட முக்கியம், நீ வண்டிக்காரர் மகன். உன்னிடம் மறைக்கமாட்டார்கள். என்னிடமோ அந்தப் பிள்ளைகளிடமோ சொல்லாததை உன்னிடம் சொல்லுவார்கள்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி முதலாளியும் வருகிறார். பம்பாயில் ஓட்டினவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் வேண்டும். கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை என்றால், அதையும் அப்படியே எழுது. அந்தத் தப்பு இங்கே நடக்கக் கூடாது என்று நானே எழுந்து சொல்லிவிடுகிறேன்.

குதிரை இப்போது எழுந்து நிற்கிறது. பின் இடதுகாலை இன்னும் முழுதாக ஊன்றவில்லை. உதட்டுப் புண் ஆறிவருகிறது. பையன் தினமும் சாயங்காலம் ராமையன்பட்டிக்கு வந்துவிடுகிறான். முதலாளி அவனை நிறுத்திவிட்டார். நேற்று ஒரு தூக்குவாளியில் கொள்ளு ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தான். டாக்டரம்மா இன்னும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டார். மூடியைத் திறக்காமல் வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டுகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். நானும் கூட உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

கோபம் இருந்தால் திட்டியே எழுது. ஆனால் எழுது.

அன்புடன்
இசக்கிமுத்து