கடை சாத்திய நாளில் ஏறிய கணக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நம் சைட்டின் மெமரி நிற்காமல் ஏறி, வரம்பை முட்டும் போதெல்லாம் சர்வீஸ் விழுந்துகொண்டிருந்ததல்லவா, மூன்று நாளாக அந்த மெமரி 430 எம்பியைச் சுற்றியே நிற்கிறது. நேற்று இரவு போனைத் தலைமாட்டில் வைக்காமல் தூங்கினேன். நடந்தது உங்களுக்கே தெரியும், சர்வீஸ் விழுந்த ஒவ்வொரு முறையும் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அந்தக் கதை வேண்டாம். நன்றி சொல்ல வேண்டும், கூடவே ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

முதலில் டெஸ்டிங் அக்கா. பெயர் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார், ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். அவருக்கு இது சொந்த புராஜெக்ட்கூட இல்லை. ஞாயிறு காலை 6 மணி ஷிப்டுக்கு வேறு வேலையாக வந்தவர், நாங்கள் அணைக்காமல் போட்டுவிட்டுப் போன கண்காணிப்புத் திரை பக்கத்து மேஜையில் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிசப்ஷனில் கிழித்துப் போட்டிருந்த தினசரி காலண்டர் தாளை எடுத்து, அதன் முதுகில் அரை மணிக்கு ஒருமுறை மெமரி அளவை எழுத ஆரம்பித்திருக்கிறார். 556, 574, 592, 610... மதியம் 2 மணிக்கு ஷிப்டு முடியும்வரை 17 எண்கள், பால் பாயிண்ட் பேனாவில், இரண்டு வரிசையாக. கடைசி எண் 844.

திங்கள் காலை அதை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு நின்றார்.

“தம்பி, நேத்து உங்க சைட்டுக்கு ஒரு ஈ காக்கா வரலை. கடை சாத்தியிருக்கு. ஆனா அரை மணிக்குப் பதினெட்டு பதினெட்டா ஏறிக்கிட்டே இருக்கு. யாருக்காக ஏறுது?”

அதுவரை நாங்கள் தேடியதெல்லாம் கூட்டத்துக்குள்தான். கேஷைக் குறைத்தோம், டேட்டாபேஸ் இணைப்புகளைச் சந்தேகப்பட்டோம், மெமரி வரம்பைக் கூட்டிக்கூடப் பார்த்தோம். சனி காலை 9, ஞாயிறு விடிகாலை 2, அன்றே இரவு 7 என்று விழுந்ததில் எங்களுக்கு ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. 17 மணி நேரத்துக்கு ஒருமுறை! விரல்விட்டு எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். (அது சனிக்கிழமைத் தாள். முன்பக்கத்தில் ராகுகாலம் 9 – 10.30 என்று இருந்ததைக் காட்டி, “அப்பவே சொல்லியிருக்கான் பாருங்க” என்றார் சர்வர் பார்க்கும் அண்ணன். அந்த வாரம் முழுக்க நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.)

ஆள் வராத நாளிலும் ஓடுவது ஒன்றே ஒன்று: ரசீதுகளைப் பிடிஎப் ஆக்கும் பேக்கிரவுண்ட் சர்வீஸ். 10 நொடிக்கு ஒருமுறை விழித்து, வரிசையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிஎப் எழுதும் பொருள் (ஆப்ஜெக்ட்) ஒன்றைக் கன்டெய்னரிடம், அதாவது புரோகிராமுக்கு வேண்டிய பொருள்களை உருவாக்கித் தரும் பகுதியிடம், கேட்டு வாங்கிக்கொள்ளும். அரை மணியில் 180 முறை. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 100 கேபி பஃபர் (தற்காலிக இடம்). 18 எம்பி. அக்காவின் தாளில் இருந்த அதே 18.

உடனே டாட்நெட்-டம்ப் கருவியில் மெமரியை அப்படியே படம்பிடித்து எடுத்தோம். எந்தப் பொருள் எத்தனை என்று எண்ணும் டம்ப்ஹீப் போட்டுப் பார்த்தால், அந்தப் பிடிஎப் பொருள் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் 5,580-க்கு மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதில் ஒன்றை ஜிசிரூட்டில் கொடுத்து யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்டோம். கன்டெய்னரின் ரூட் ஸ்கோப்பில் (ஸ்கோப் என்றால் பொருள்களின் ஆயுள் எல்லை, ரூட் அதில் அடிப்படையானது) உள்ள ஒரு பட்டியலில் போய் நின்றது.

இனி ஒப்புதல். பொருளைக் கேட்டு வாங்கும் அந்த வரியை எழுதியது நான்தான். நான் ஜாவாவிலிருந்து வந்தவன். அங்கே ஸ்பிரிங் கட்டமைப்பில், கேட்கும்போதெல்லாம் புதிதாகத் தர வேண்டும் என்று புரோட்டோடைப்பாகப் பதிவு செய்த பொருளைக் கன்டெய்னர் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடும். இங்கே நாம் எழுதும் ஏஎஸ்பி டாட்நெட் கோர் கட்டமைப்பின் டிரான்சியன்டும் அப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஐடிஸ்போசபிள் பொருளாக, அதாவது வேலை முடிந்ததும் அப்புறப்படுத்த வேண்டியதாக, இருந்தால் கதையே வேறு. தான் உருவாக்கியதைத் தானே அப்புறப்படுத்த வேண்டும் என்று கன்டெய்னர் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது, ஸ்கோப் முடியும்போதுதான் விடுகிறது. வெப் ரிக்வெஸ்ட்டில் இதனால் தொல்லை இல்லை, ரிக்வெஸ்ட்டோடு ஸ்கோப்பும் போய்விடும். பேக்கிரவுண்ட் சர்வீஸோ சிங்கிள்டன், செயலி ஓடும்வரை ஒன்றே ஒன்று. அதன் கைக்கு வரும் சர்வீஸ் புரொவைடர் (கன்டெய்னரிடம் பொருள் கேட்கும் வாசல்) ரூட் ஸ்கோப்புடையது. ரூட் முடிவது செயலி நிற்கும்போதுதான்.

வேலை முடிந்ததும் தானாக டிஸ்போஸ் (அப்புறப்படுத்துதல்) செய்யும் யூசிங்கை நான் போட்டிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிஸ்போஸ் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் இருந்து பொருள் போகவில்லை. மளிகைக் கடையில் பாக்கியைக் கொடுத்த பிறகும் பற்று நோட்டில் பெயரை அடிக்காமல் விட்டதுபோல. டெவலப்மென்ட் சூழலில் தானாக ஓடும் ஸ்கோப் சோதனையை வேறு நம்பியிருந்தேன். ரூட்டிடம் ஸ்கோப்டு (ஒரு ஸ்கோப்புக்கு ஒன்று) சர்வீஸைக் கேட்டால் அது கத்தும். டிரான்சியன்டைக் கேட்டால் வாயே திறக்காது.

திருத்தம் மூன்று வரி. சர்வீஸ் புரொவைடருக்குப் பதில் புது ஸ்கோப் உருவாக்கித் தரும் ஸ்கோப் ஃபேக்டரி, ஒவ்வொரு விழிப்புக்கும் ஒரு புது ஸ்கோப், வேலை முடிந்ததும் அதற்கு முடிவு. இந்த மூன்று வரிக்காகத்தான் உங்கள் எல்லோருடைய தூக்கமும் போனது.

விடிகாலை 2 மணிக்கு முணுமுணுக்காமல் ரீஸ்டார்ட் போட்ட சர்வர் அண்ணனுக்கும், டம்ப் எடுக்கும் கருவியை இமேஜில் சேர்த்துத் தந்த தோழருக்கும், “எப்போ முடியும்” என்று ஒருமுறைகூடக் கேட்காத மேனேஜருக்கும், ரசீது வராமல் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கும், சனிக்கிழமை நான் வராமல் போன காதுகுத்து விழாவில் எனக்காகச் சாப்பாடு கட்டி வைத்த அத்தைக்கும் நன்றி.

அப்புறம், இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. டிரான்சியன்ட் என்று பதிவாகும் எதையும், அது ஐடிஸ்போசபிளா, யார் கேட்கிறார்கள், எந்த ஸ்கோப்பில் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் ரிவ்யூவில் ஓகே போட மாட்டேன். என் சொந்தக் கோப்பை முதலில் திறப்பேன்.

அக்காவுக்கு ஒரு சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று அந்தத் தாளைத்தான் திருப்பிக் கேட்டார். ஓரத்தில் கேஸ் புக்கிங் நம்பரை எழுதி வைத்திருக்கிறாராம். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன், அக்கா. நாளைக் காலை உங்கள் மேஜையில் இருக்கும்.