படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். வந்துவிட்டது, அடுத்த மாதம் பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன் என்றார். எதற்கு என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். மூன்று ஞாயிறாக நீயும் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நழுவுகிறாய்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன். டாக்டர் எதைச் சொன்னாலும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, இந்த இரண்டையும் கேட்டுக்கொள். பக்கத்துத் தெரு வாத்தியார் மகளுக்கு ஓயாத உதிரப்போக்கு. ஃபைப்ராய்டு கட்டி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அவள் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு மதுரையில் இன்னொரு டாக்டரைப் பார்த்தாள். இது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மாதவிலக்கு நின்றபின் சுருங்கக்கூடியது என்று சொல்லி, ஹார்மோன் சுரக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்து அனுப்பினார். கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனும் இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராதுதான். கேட்டால்தானே தெரியும்?

ஃப்ரிட்ஜ் வாங்க ஒரு மாதம் கடை கடையாக அலைந்தவள் நீ. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். உடம்புக்கு மட்டும் ஒருத்தர் வாய்ச்சொல் போதுமா? நீ அப்படிச் செய்கிறாய் என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. டெல்லியில் சோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, வயதுவந்த பெண்ணுக்காக அம்மா கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது கோர்ட்டு. பேப்பரில் படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. தலைவலி என்று உங்களிடம் பொய் சொன்னேன்.

சித்தி விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். 1996-இல் அவள் உள்ளே மயக்கத்தில் கிடக்க, நர்ஸ் காகிதத்தோடு வந்து, "எல்லாத்தையும் எடுத்துட்டா நிம்மதிம்மா" என்றார். கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்துகொண்டு, நகைக்கடன் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊரையே அதட்டியவள், நின்றவாக்கில் போட்டேன். சினைப்பைகளும் போயின. அப்போது அவளுக்கு 37 வயது. ஒரே நாளில் மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிட்டது. ராத்திரியெல்லாம் வேர்த்து எழுந்து உட்காருவாள். அப்புறம் எலும்பு தேய்ந்தது, படிக்கட்டில் விழுந்தது, நீயே பார்த்தாய். ஏன்க்கா போட்டே என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மீனா, எடுத்தே ஆகவேண்டும் என்று விசாரித்து நீ முடிவு செய்தால் எடுத்துக்கொள். நான் தடுக்கமாட்டேன். சினைப்பையை விட்டுவைப்பார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேள். பதிலை எழுதி வாங்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டை அங்கேயே விட்டுவிட்டு வராதே. இன்னொரு டாக்டரையும் பார்.

என் துணிமணிப் பையைத் தயாராக எடுத்து வைத்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் ராத்திரி பஸ் ஏறிவிடுவேன். ஆஸ்பத்திரியில் வெளியே உட்கார்ந்திருப்பேன். யார் காகிதம் நீட்டினாலும் வாங்கமாட்டேன்.

அம்மா