'பொனான்சா' டிவிடி பெட்டி குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'பொனான்சா – முழுத் தொகுப்பு' டிவிடி பெட்டிக்கான பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 'பொனான்சா' என்பது பழைய அமெரிக்க கௌபாய் டிவி தொடர். போன மாதம் உங்கள் இணையக் கடையில் 'பொனான்சா – முழுத் தொகுப்பு' என்று அச்சிட்ட டிவிடி பெட்டி ஒன்றை வாங்கினேன். அண்ணனின் பிறந்தநாளுக்காக. முதல் டிவிடியைப் போட்டோம். கதை நடக்கும் பாண்டரோசா பண்ணையின் வரைபடம் வந்தது, நடுவில் தீப்பிடித்து எரிந்தது, குதிரைகளும் ஓடி வந்தன. ஆனால் தொடரின் அந்தத் தொடக்க இசை மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக எவனோ ஊர்பேர் தெரியாதவன் கிட்டாரைச் சொறிந்துகொண்டிருந்தான். "நம்ம மியூசிக் எங்கடா தம்பி?" என்றார் அண்ணன்.

இதெல்லாம் ஒரு புகாரா என்று நீங்கள் நினைக்கலாம். சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது 1963இல். எங்கள் வீட்டில் அப்போது பெட்டி கிடையாது, சமூக மன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை. வெளியே பந்து விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்த இசை காதில் விழுந்த நொடியே ஆட்டம் கலைந்துவிடும். குதிரைக் குளம்பு போலத் தொடையில் தட்டிக்கொண்டே உள்ளே ஓடுவோம். பண்ணைக்காரர் கார்ட்ரைட் வீட்டுச் சீனச் சமையல்காரர் ஹாப் சிங்குக்குக் கோபம் வந்து சீனத்தில் பொரிந்து தள்ளினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காண்டனீஸ் மாமா சிரித்து முடித்துவிட்டு மலாயில் எடுத்துச் சொல்வார். உங்கள் டிவிடியில் அந்த இடங்களுக்கு 'தெளிவில்லாத பேச்சு' என்று சப்டைட்டில் போட்டிருக்கிறீர்கள். சரி, அதை விடுகிறேன்.

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தபோது 'உரிமப் பிரச்சினை' என்றார்கள். அது எனக்கும் தெரியும். முதல் இரண்டு சீசன்களைச் சேர்ந்த 31 எபிசோடுகளுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை, அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றை டிவிடி போட்டு விற்கலாம். ஆனால் ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதிய அந்தத் தொடக்கப் பாட்டுக்கு உரிமை இன்னும் இருக்கிறது. அதற்குப் பணம் கட்ட மனமில்லாமல் யாரோ அதை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டியிருக்கிறார்கள். சட்டப்படி தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே? எழுதியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், நீங்கள் எழுதாததற்குக் காரணமும் அதுதான்.

இதில் 'முழுத் தொகுப்பு' எங்கிருந்து வந்தது? 1959 முதல் 1973 வரை 14 சீசன்கள், மொத்தம் 431 எபிசோடுகள் வந்த தொடர் இது. பெட்டியில் இருப்பவை 31. கார்ட்ரைட்டின் மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னல் ராபர்ட்ஸ் 1965இல் விலகிய பிறகு ஆடம் இல்லாமலே ஓடிய வருடங்கள் ஒன்றுகூட இதில் இல்லை.

படத்தையாவது ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்றால் அதுவும் இல்லை. ஆர்சிஏ கம்பெனிக்குக் கலர் டிவி விற்க வேண்டியிருந்ததால், அதன் கையில் இருந்த என்பிசி தொலைக்காட்சி இந்தத் தொடரை முதல் நாளிலிருந்தே கலரில் எடுத்தது. நாங்கள் பார்த்ததோ கறுப்பு வெள்ளையில். இந்த வயதிலாவது பண்ணையை ஒட்டிய டாஹோ ஏரியின் நீலத்தைப் பார்க்கலாம் என்றுதான் ஆசைப்பட்டோம். ஆனால் அகலத் திரையை நிரப்புவதற்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள். அகலமும் உயரமும் 4:3 ஆக இருந்த படத்தை வெட்டி 16:9 ஆக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். கௌபாய் படத்தில் மேலே வெட்டினால் என்ன போகும்? தொப்பிதான். இரண்டாவது மகன் ஹாஸ் தலையில் இருக்கும் அந்த உயரமான வெள்ளைத் தொப்பிக்கு விளிம்பு மட்டும்தான் மிச்சம். கீழே இடுப்புத் துப்பாக்கியும் காணோம். ஒருவன் துப்பாக்கியை உருவுகிறானா, வேட்டியை இறுக்கிக் கட்டுகிறானா என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளும்படி பத்து வெள்ளி கூப்பன் ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். அது எனக்கு வேண்டாம். முழுப் பணமும், பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவும் வேண்டும். உங்கள் தளத்தில் இன்றைக்கும் 'முழுத் தொகுப்பு' என்றே போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, '31 எபிசோடுகள், மூல இசை இல்லை, படம் வெட்டப்பட்டது' என்று தெரியும்படி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், பெட்டியின் படம், ரசீது, கூப்பன் மூன்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் சங்கத்தில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிங்கப்பூர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் முன்பக்கப் படம், தொப்பி வெட்டுப்பட்ட காட்சிகளின் படங்கள்