நான்கு கலங்கரை விளக்கங்கள், ஒரு நடை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களுக்கு வழிகாட்டிய நான்கு கலங்கரை விளக்கங்களையும் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நடையில் பார்த்துவிடலாம். ஆனால் கிழமை பார்த்துக் கிளம்ப வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. மெரினாவில் மதிய இடைவேளையும் உண்டு. அது தெரியாமல் வெயிலில் காத்துக் கிடப்பவர்கள் பலர்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் தொடங்குவது நல்லது. 1844இல் ஒளி ஏற்றிய டோரிக் தூண் (பழங்கால கிரேக்கப் பாணியில் கட்டிய கலங்கரை விளக்கம்) நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. 125 அடி உயரம். சாலையோரத்திலிருந்தே தெரியும். 1894இல் அதன் வேலையை நீதிமன்றத்தின் மிக உயர்ந்த குவிமாடம் எடுத்துக்கொண்டது. முதல் உலகப்போரின்போது 1914இல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் வீசிய குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு கிழக்கு மதிலில் இருக்கிறது; அதைத் தவறவிடக் கூடாது.

அடுத்தது கோட்டை. நுழைவாயிலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை வேண்டும். முதல் விளக்கு 1796இல் எரிந்தது இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் மொட்டைமாடியில். இப்போது அங்கே விளக்கு இல்லை; கடலும் எட்டத்தில்தான். காரணம் துறைமுகம். 1876இல் அதன் கட்டுமானம் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அலைத்தடுப்புச் சுவரில் தடுக்கப்பட்டுத் தென்புறம் குவிந்தது. மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. பழைய விளக்குகள் ஏன் ஊருக்குள் நிற்கின்றன என்பதை வழியெங்கும் மணலே சொல்லும்.

போர் நினைவுச்சின்னம் அருகே சாலையைக் கடப்பதுதான் கடினம். சிக்னல் இல்லாத இடத்தில் குறுக்கே போகாதீர்கள். நேப்பியர் பாலம் தாண்டியபின் மணலில் இறங்காமல் நடைபாதையிலேயே சென்றால் கால் ஓயாது. ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். நாலரை மணிக்குள் 1977இல் வந்த மெரினா விளக்கத்தை அடைந்தால் மேலே ஏறலாம், மின்தூக்கி உண்டு. வெயில் முதுகுப்புறம் இருப்பதால் கடல் தெளிவாகத் தெரியும்.

சுற்றுலாத் துறையிடம் எங்கள் கோரிக்கை இரண்டே: நான்கு இடங்களிலும் விடுமுறை நாள், நேரம், அடுத்த இடத்துக்கான தூரம் எழுதிய தமிழ்ப் பலகை, மாதம் ஒரு ஞாயிறு டோரிக் தூணை அருகே சென்று பார்க்க நீதிமன்ற நிர்வாகத்திடம் அனுமதி.

– மரபு நடை ஆர்வலர்கள், சென்னை